கல்குவாரிக் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு ஓர் ஊர் ஆயத்தமாவது எப்படி

தமிழ்நாட்டின் மானாவாரி ஊர்களில் நிலத்தின் பயன்பாடு மாறுவது எப்போதும் அரசு கையகப்படுத்துவதால் நடப்பதில்லை. மழை பொய்த்த ஆண்டுகளுக்குப் பின் கடனை அடைக்க ஒருவர் விற்கும் நான்கு ஏக்கரும், திருப்பூருக்கோ பெங்களூருக்கோ போய்விட்ட பங்காளிகள் விற்கும் ஆறு ஏக்கரும் கைமாறிக் கைமாறி, ஒரு நாள் ‘சாதாரண கல் மற்றும் கிராவல் குவாரி’ என்ற விண்ணப்பமாக வந்து நிற்கின்றன. விற்றவர் பணம் வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார். விற்காத பக்கத்து நிலத்துக்காரர், அங்கே விளைச்சலில் பங்கு தரும் பேச்சில் வாரத்துக்கு உழுதவர், களையெடுத்துக் கூலி வாங்கியவர், அறுவடைக்குப் பின் ஆடு மேய்த்தவர் ஆகியோரின் பேச்சைச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டிய இடம் மாவட்ட ஆட்சியர் தலைமையில் நடக்கும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம்தான்.

இந்தக் கூட்டம் 2006 செப்டம்பர் 14 அன்று வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் நடக்கிறது. இது வாக்கெடுப்பு அல்ல என்பதை முதலில் ஊரார் அனைவரும் புரிந்துகொள்ள வேண்டும். ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் வெட்டுவது பற்றி 2013இல் 12 கிராம சபைகள் கூடி வேண்டாம் என்று சொன்னபோது அது செல்லுபடியானதற்குக் காரணம், வன உரிமைச் சட்டமும் உச்ச நீதிமன்றத்தின் அவ்வாண்டுத் தீர்ப்பும் அந்த முடிவை அவர்கள் கையில் கொடுத்திருந்ததுதான். பட்டா நிலத்தில் வரும் குவாரிக்கு அந்த ஏற்பாடு கிடையாது. ஐந்நூறு பேர் எதிர்த்துக் கை தூக்கினாலும் திட்டம் தானாக விழுந்துவிடாது. ஐந்து பேர் மட்டுமே வந்தாலும் கூட்டம் செல்லும், ஏனென்றால் இத்தனை பேர் வர வேண்டும் என்ற குறைந்தபட்ச எண்ணிக்கையே விதியில் இல்லை. பின்னாளில் கோப்பைப் புரட்டும் நிபுணர் குழுவோ பசுமைத் தீர்ப்பாயமோ பார்க்கப்போவது கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான். ஆகவே நிலம் உண்மையில் எப்படிப் பயன்படுகிறது என்பதைச் சர்வே எண்ணோடு அந்தக் குறிப்பில் ஏற்றுவதே ஊரின் வேலை.

கூட்டம் உண்டா, எப்போது?

எல்லாக் குவாரிக்கும் கூட்டம் நடப்பதில்லை. 5 ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய பன்னிரண்டேகால் ஏக்கருக்கு, உட்பட்ட தனிக் குவாரி ‘பி2’ என்ற வகையில் சேர்ந்து கூட்டமில்லாமலே அனுமதி பெறலாம். ஆனால் ஒன்றுக்கொன்று 500 மீட்டருக்குள் பல குவாரிகள் இருந்தால் அவற்றைத் தொகுப்பாகவே பார்க்க வேண்டும். சேர்த்துக் கூட்டிய பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் கருத்துக்கேட்பும் கட்டாயமாகின்றன. விண்ணப்பங்கள் வரம்புக்குச் சற்றே கீழாக வருவது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. எனவே முதல் வேலையாகக் கிராம வரைபடத்தில் புதிய குவாரியின் எல்லையைக் குறித்து, அதிலிருந்து 500 மீட்டருக்குள் ஓடுகிற, உரிமம் பெற்ற, விண்ணப்பித்துள்ள குவாரிகளை எல்லாம் அடையாளமிட்டு, மாவட்டப் புவியியல் மற்றும் சுரங்கத் துறை அலுவலகத்தில் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விடுபட்டது இருந்தால் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கு உடனே எழுதலாம்.

கூட்டம் உண்டென்றால், குறைந்தது 30 நாள் முன்னதாக ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் விளம்பரம் வர வேண்டும். நாளிதழ் எட்டாத ஊர்களில் பறையறைந்து அறிவிக்கலாம் என்றுகூட அறிவிக்கை சொல்கிறது. ஒரு சாதியாரின் தலையில் கட்டப்பட்ட அந்தத் தண்டோரா முறையைத் தமிழ்நாடு அரசு 2022இல் தடை செய்துவிட்டதால், இங்கே ஒலிபெருக்கி கட்டிய வண்டியைத்தான் கேட்டு வாங்க வேண்டும். விளம்பரம் கண்ட பிறகு வேலையைத் தொடங்கினால் காலம் போதாது என்பதையும் மறக்க வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பதில் வரவே 30 நாள் ஆகும், கூட்ட அறிவிப்பின் அவகாசமும் அதே 30 நாள்தான். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் குவாரிக்காரர் ஆய்வு வரையறைக்காக, அதாவது அறிக்கையில் எதையெல்லாம் ஆராய வேண்டும் என்ற பட்டியலுக்காக, விண்ணப்பிக்கும்போதே, பெரும்பாலும் கூட்டத்துக்குப் பல மாதங்கள் முன்பே, ஊர்ப் பெயரும் சர்வே எண்ணும் வந்துவிடுகின்றன. ஊரில் படித்த பிள்ளைகள் யாராவது ஒருவர் மாதம் ஒருமுறை தங்கள் தாலுகாவின் பெயரை அதில் தேடிப் பார்க்கும் வழக்கத்தை வைத்துக்கொண்டால் அந்த மாதங்கள் ஊருக்குச் சொந்தமாகும்.

அறிக்கையைப் படிப்பது

தாக்க மதிப்பீட்டு வரைவு அறிக்கையின் பிரதி ஆட்சியர் அலுவலகத்திலும், ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலும், மாவட்டத் தொழில் மையத்திலும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலும் பார்வைக்கு இருக்க வேண்டும். தமிழில் சுருக்கம் மட்டுமே இருப்பதுதான் நடைமுறை. சுருக்கத்தோடு நின்றுவிடாதீர்கள், ஊரைப் பற்றிய உண்மையோ பொய்யோ முழு அறிக்கையின் மூன்றாம் அத்தியாயத்தில்தான் கிடக்கிறது. அறிக்கையின் அமைப்பை அறிவிக்கையே வகுத்திருப்பதால் எந்த மாவட்டத்து அறிக்கையானாலும் வரிசை மாறாது: மூன்றாவது அத்தியாயம் இப்போதைய சுற்றுச்சூழல், நான்காவது எதிர்பார்க்கும் பாதிப்பு, எட்டாவது திட்டத்தால் வரும் நன்மை, பத்தாவது சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டம்.

மூன்றாம் அத்தியாயத்தில் நிலப் பயன்பாட்டு அட்டவணை ஒன்று இருக்கும். செயற்கைக்கோள் படத்தைக் கொண்டு, குவாரியைச் சுற்றிய 10 கிலோமீட்டர் வட்டத்தில் விளைநிலம் எவ்வளவு, தரிசு எவ்வளவு, நீர்நிலை எவ்வளவு என்று அது சொல்லும். அட்டவணையின் எண்களைப் பார்க்கும் முன், படம் எந்த மாதத்தில் எடுத்தது என்று பாருங்கள். அறிக்கைக்கான அடிப்படைத் தரவுகளை மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தில் மூன்று மாதம் திரட்டினால் போதும் என்பது விதி; அதனால் மார்ச் முதல் மே வரை என்ற கணக்கு அடிக்கடி கண்ணில் படும். ஆடிப்பட்டத்தில் நிலக்கடலையும் துவரையும் விதைத்து, கடலையைப் பிடுங்கி, தை மாசியில் துவரையையும் வெட்டி முடித்த செம்மண் காடு பங்குனி சித்திரையில் வெறும் மண்ணாகத்தான் தெரியும். அந்த வெறும் மண்ணைத் ‘தரிசு’ என்றோ ‘புதர் நிலம்’ என்றோ நிறம் தீட்டிவிட்டால், பத்து மாதம் உழைத்த நிலம் ஒரு வரியில் யாருக்கும் பயன்படாத நிலமாகிவிடுகிறது. அந்த இரண்டு மாதத்திலும் நிலம் சும்மா கிடப்பதில்லை. காய்ந்த தாளிலும் உதிர்ந்த இலையிலும் ஆடு மேய்கிறது. கிடை போட்டு எரு சேர்க்கிறார்கள். அந்தக் கிடைக்குக் கூலி உண்டு. செயற்கைக்கோளுக்கு இதெல்லாம் தெரியாது, அறிக்கை எழுதியவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் ஏதும் இருந்ததில்லை.

கிணறும் அப்படித்தான். சுற்றிலும் சில கிணறுகளில் நீர்மட்டம் அளந்ததாக அறிக்கை சொல்லும். எந்தெந்தக் கிணறு, யார் கிணறு, எந்தத் தேதி என்று பாருங்கள். குவாரிக்கு மிக அருகில், வெடி வைத்தால் முதலில் ஊற்று மாறக்கூடிய கிணறு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதே கேள்வி. அதோடு, சுரங்கத் திட்டத்தில் குறிப்பிட்ட வெட்டு ஆழத்தையும் அக்கம்பக்கத்துக் கிணறுகளின் ஆழத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். வெட்டு கிணற்றைவிட ஆழமாக இறங்குமானால், நிலத்தடி நீரைத் தொடாது என்று நான்காம் அத்தியாயம் சொல்லும் ஆறுதலுக்கு அடிப்படை என்ன என்று கேட்கலாம்.

வேறொரு மாவட்டத்தின் ஆறு, இந்த மண்ணில் வளராத மரம், கேள்விப்படாத ஊரின் பெயர் ஆகியவை அறிக்கையில் தென்பட்டால் பக்க எண்ணோடு குறித்து வையுங்கள். வேறோர் அறிக்கையிலிருந்து பெயர்த்து ஒட்டியதற்கு அதுவே சாட்சி. வேண்டுமென்றே தவறான தகவலையோ திசைதிருப்பும் தகவலையோ கொடுத்தால் விண்ணப்பத்தை நிராகரிக்கலாம், கொடுத்த அனுமதியையும் ரத்து செய்யலாம் என்று அதே அறிவிக்கை சொல்கிறது.

ஊரின் சொந்தக் கணக்கு

அறிக்கை தவறு என்று சொன்னால் மட்டும் போதாது, சரியான கணக்கை ஊர் வைத்திருக்க வேண்டும். கிராம வரைபடம், ‘அ’ பதிவேடு, அடங்கல், எஃப்.எம்.பி. என்று தாலுகா ஆபீஸில் எல்லோரும் சொல்லும் புலப்படம் ஆகிய நான்கும் அடிப்படை. ‘அ’ பதிவேட்டில் எது புஞ்சை, எது மேய்க்கால் புறம்போக்கு, எது ஓடை, எது வண்டிப்பாதை என்று இருக்கும். டிப்பர் லாரிகள் போகப்போவது பெரும்பாலும் அந்த வண்டிப்பாதையிலும் ஓடைக் கரையிலும்தான் என்பதால், குவாரியின் சர்வே எண்ணை மட்டும் பார்த்து நின்றுவிடாமல் தார்ச்சாலை வரையுள்ள எல்லா எண்களையும் எடுக்க வேண்டும்.

அடங்கலில் ஒரு சிக்கல் உண்டு. பசலி ஆண்டுக்கு ஆண்டு, ஜூலை முதல் ஜூன் வரை, எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுத வேண்டிய கணக்கு அது. வயலுக்கு வராமலே சென்ற ஆண்டின் கணக்கைப் பார்த்து எழுதுவதும், மானாவாரிப் புலத்துக்கு நேரே தரிசு என்று போட்டுவிடுவதும் பல ஊர்களில் நடப்பதுதான். பயிர் நிற்கும்போதே, புரட்டாசி ஐப்பசியில், புலம் புலமாகப் புகைப்படம் எடுத்து, தேதியும் இருப்பிடமும் பதியும் கைபேசிச் செயலியைப் பயன்படுத்தி, அடங்கலில் சரியாகப் பதியும்படி வி.ஏ.ஓ.வுக்கு மனுக் கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள். குவாரி பேச்சே இல்லாத ஊரும் இதைச் செய்யலாம். பயிர்க் காப்பீட்டுக்கும் வறட்சி நிவாரணத்துக்கும் அதே தாள்தான் கேட்கப்படுகிறது.

இந்தப் பதிவேடுகள் எதிலும் பெயர் இல்லாதவர்களைச் சேர்ப்பதுதான் கடினமான வேலை, அதைச் செய்யாத கணக்கு பட்டாதாரர்களின் கணக்காக மட்டுமே முடியும். வாய்ப்பேச்சில் வாரத்துக்கு உழுபவருக்கு எந்தத் தாளும் இல்லை. ஆடு வைத்திருக்கும் கைம்பெண்ணுக்கு மேய்ச்சல் நிலத்தின் மேல் எழுதிய உரிமை இல்லை. குடியிருப்பு விஷயம் இன்னும் கூர்மையானது. தமிழ்நாடு சிறுகனிம விதிகளின்படி குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் வெட்ட உரிமம் தரக் கூடாது. ஆனால் அங்கே குடியிருப்பு என்பது வருவாய்க் கணக்கில் நத்தமாகவோ மனையாகவோ இருப்பதையும் அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவையும்தான் குறிக்கிறது. முப்பது ஆண்டுகளாகப் புறம்போக்கில் வீடு கட்டி, வீட்டு வரியும் மின்கட்டணமும் கட்டிவரும் காலனி மக்களுக்குப் பட்டா இல்லையென்றால், வரைபடத்தில் அந்த இடம் வெற்றிடமாகவே இருக்கும், தூரத்தை அதற்கு அப்பால் இருந்து அளப்பார்கள். அந்த வீடுகளின் வரி ரசீது, மின் இணைப்பு எண், குடும்ப அட்டை ஆகியவற்றின் நகலைத் திரட்டி, குவாரி எல்லையிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள தூரத்தை நாடா பிடித்து அளந்து பட்டியலிட வேண்டும். பட்டா கேட்டு ஏற்கெனவே கொடுத்த மனு இருந்தால் அதன் நகலையும் இணைக்க வேண்டும்.

முன்பே பதிந்து வைத்த கணக்குக்கு என்ன வலு என்பதை மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி காட்டியிருக்கிறது. அங்கே 193 ஹெக்டேர் பரப்பைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு 2022இல் அறிவித்தபோது, ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 சுனைகள், மூன்று தடுப்பணைகள் என்று எண்ணிக்கையோடு அரசின் தாளிலேயே ஏறிவிட்டன. இரண்டே ஆண்டில் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் அந்தப் பகுதி போனபோது, ஊரார் புதிதாக எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. கிராம சபைத் தீர்மானங்களும் பெருந்திரளான போராட்டமும் சட்டமன்றத் தீர்மானமும் சேர்ந்து 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாயிற்று. போராட்டம் இல்லாமல் தாள் மட்டுமே அதைச் செய்திருக்காது என்பதும் உண்மைதான்.

திரட்டிய கணக்கைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடுகிறது. ‘குவாரி வேண்டாம்’ என்ற ஒற்றை வரியைவிட, எந்தெந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர், எத்தனை கிணறு, எத்தனை ஆடு, பதிவேட்டில் இல்லாத எத்தனை வீடு என்ற இணைப்போடு கூடிய தீர்மானமே பிறகு பயன்படும். தீர்மானப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தை அன்றே படம் பிடித்துக்கொள்வது நல்லது.

கூட்ட நாள்

ஆட்சியரோ, கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அவரது பிரதிநிதியோ தலைமை வகிக்க வேண்டும். முழு நிகழ்வும் காணொளியாகப் பதிவாக வேண்டும். வேன்களில் அழைத்து வரப்பட்டவர்கள் முன்வரிசையை நிரப்பி, வேலைவாய்ப்பு வரும், சாலை வரும் என்று ஒருவர் பின் ஒருவராகச் சொல்வது இத்தகைய கூட்டங்களில் புதிதல்ல. அவர்களோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அவர்களில் உள்ளூர்க்காரர்களும் இருப்பார்கள், அவர்கள் வீட்டுப் பையன் டிப்பர் ஓட்டிக்கொண்டிருப்பான். எட்டாம் அத்தியாயத்தில் எத்தனை பேருக்கு நேரடி வேலை என்று எழுதியிருக்கிறதோ அதைப் படித்துக் காட்டி, அந்த நிலத்தில் களையெடுப்பு, கடலை பிடுங்கல், ஆய்தல் என்று ஒரு பட்டத்தில் எத்தனை ஆள்கூலி நாட்கள், அவற்றில் பெண்களுக்கு எத்தனை, என்ற உங்கள் கணக்கை அதன் பக்கத்தில் வைப்பது அவர்களுக்கும் சேர்த்துச் சொல்லும் பதில்.

பேசுபவர் ஒவ்வொருவரும் ஒரே ஒரு செய்தியை எடுத்துக்கொள்வது நல்லது. கீழே உள்ளது ஒரு மாதிரி, எண்கள் எடுத்துக்காட்டுக்காக:

“ஐயா, நான் சர்வே எண் 214/2இல் ஒன்றரை ஏக்கர் வாரத்துக்கு உழுகிறேன். போன ஆடியில் கடலையும் துவரையும் போட்டேன். அறிக்கையின் மூன்றாம் அத்தியாயத்து வரைபடம் அந்த இடத்தைத் தரிசு என்று காட்டுகிறது. அது தவறு. அடங்கல் நகலும், பயிர் நின்றபோது எடுத்த படமும், நிலத்துக்காரர் எழுதிக் கொடுத்த கடிதமும் இதோ இருக்கின்றன. தூசியால் பயிருக்கு என்ன ஆகும் என்று நான்காம் அத்தியாயத்தில் எழுதியபோது என் நிலத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. அதை எடுத்துத் திருத்தி எழுத வேண்டும் என்பதைக் குறிப்பில் பதிவு செய்யுங்கள்.”

கடைசி வாக்கியத்தை விட்டுவிடக் கூடாது. மேடைக்கு வரத் தயங்குபவர்கள், அன்றைய கூலியை இழக்க முடியாதவர்கள், குவாரி முதலாளியிடமே வேலை செய்வதால் வாய் திறக்க அஞ்சுபவர்கள் ஆகியோரின் கருத்தை எழுத்தில் வாங்கி, கையெழுத்தோ கைநாட்டோ பெற்று, கூட்டத்துக்கு முன்பே மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் கொடுத்துவிடலாம். ஒப்புகைச் சீட்டு அவசியம்.

புறக்கணிப்பதா என்ற விவாதம் ஊரில் எழும். கோபம் நியாயமானதாக இருக்கலாம், ஆனால் வராதவரின் கருத்து குறிப்பில் ஏறாது, கூட்டம் நடந்ததாகவே கணக்காகும். மேசை நாற்காலியைத் தள்ளிவிட்டால் இன்னொரு ஆபத்து இருக்கிறது: உள்ளூர் நிலைமையால் கூட்டம் நடத்த இயலவில்லை என்று அறிக்கை அனுப்பினால், கூட்டமே இல்லாமல் மேலே போகலாம் என்று முடிவெடுக்கும் அதிகாரத்தை அறிவிக்கை ஆணையத்துக்குக் கொடுத்திருக்கிறது. அறிவிப்புக் காலம் போதவில்லை, அறிக்கையின் பிரதி கிடைக்கவில்லை என்பன போன்ற குறை இருந்தால் கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து அதைச் சொல்லி, எழுத்திலும் கொடுத்து, ஒத்திவைக்கக் கேட்பதுதான் பின்னால் வழக்குக்கு நிற்கும்.

கூட்ட முடிவில், பேசியவற்றின் சுருக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்டி, அன்றே ஆட்சியர் கையெழுத்திட வேண்டும். ஊரார் இதற்குள் வண்டி ஏறிவிடுகிறார்கள். யார் யார் என்ன சொன்னார்கள் என்று எழுதி வைத்த ஒருவர் கடைசிவரை இருந்து, வாசிப்பில் விடுபட்டதை அங்கேயே எழுந்து சொல்ல வேண்டும்.

கூட்டத்துக்குப் பின்

நடவடிக்கைக் குறிப்பு வாரியத்தின் இணையதளத்திலும் ஊராட்சி அலுவலகத்திலும் வெளியாக வேண்டும். உங்கள் பதிவோடு அதை ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் சென்னை சைதாப்பேட்டை பனகல் மாளிகையில் உள்ள மாநில ஆணையத்துக்கு இணைப்புகளோடு பதிவுத் தபால் அனுப்புங்கள். எழுந்த ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் குவாரிக்காரர் இறுதி அறிக்கையில் பதில் சொல்ல வேண்டும். நிபுணர் குழு அவற்றை மனத்தில் கொண்டு காரணத்தோடு முடிவெடுக்க வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2009இல், கோவாவின் ஒரு சுரங்கம் தொடர்பான உத்கர்ஷ் மண்டல் வழக்கில் சொல்லியிருக்கிறது. உங்கள் கடிதத்தில் அந்த வழக்கைக் குறிப்பிடலாம்.

அனுமதி வந்துவிட்டால் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மேல்முறையீடு செய்ய 30 நாள் உண்டு. தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை நீட்டிப்பார்கள், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடைக்காது. இழப்பீடு கேட்காத மேல்முறையீட்டுக்குக் கட்டணம் 1,000 ரூபாய், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. மேல்முறையீடு செய்தாலும் செய்யாவிட்டாலும் அனுமதிக் கடிதத்தின் நகலை எடுத்து, அதிலுள்ள நிபந்தனைகளைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள்: வெடி வைக்கும் நேரம், தண்ணீர் தெளிப்பு, வேலி, எல்லையோரப் பசுமைப் பட்டை, வெட்டு ஆழம். நிபந்தனைகளைப் பின்பற்றியதாக குவாரிக்காரர் ஒவ்வொரு ஜூன் 1, டிசம்பர் 1 அன்றும் அறிக்கை கொடுக்க வேண்டும். முதல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, அதில் நட்டதாக எழுதியுள்ள மரங்களை எல்லையோரம் நடந்து எண்ணிப் பாருங்கள். கிணறுகளின் நீர்மட்டத்தையும் குவாரி தொடங்கும் முன் எடுத்த அளவோடு அதே மாதத்தில் மறுபடி அளந்து அதே நோட்டில் எழுதி வையுங்கள்.